குலுக்கலில் விழுந்த ஒரு நாள்

என் மருமகள் சர்மிளா மொன்றியலில் நகரப் பஸ் ஓட்டுகிறாள். பதினோரு வருடமாக ஓட்டுகிறாள். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுப் படியிறங்கி மெட்ரோவுக்குப் போகிற தமிழ்ச் சனத்தில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. பஸ் புறப்படுகிற நேரத்தில் யாராவது ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால் நிற்பாள். ஓடிவருவது என்னைப் போன்ற கிழவி என்றால் இன்னும் கொஞ்சம் நிற்பாள். பஸ் பிந்துகிறது என்று மேலிடத்தில் அவளுக்குப் பேச்சும் விழுந்திருக்கிறது. கேட்டுக்கொண்டு வருவாள். மறுநாளும் நிற்பாள்.

நான் சொல்லவந்தது பஸ் கதை அல்ல, மீன் கதை. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் அப்படியே எழுதட்டும், அழகுபடுத்த வேண்டாம்.

சர்மிளா என் மகன் கஜீவனைக் கட்டிக்கொண்டு இருபத்துநாலு வயதில் இங்கே வந்தாள். முதலில் ஒரு கார்டெரியில், அதுதான் பிள்ளை பராமரிக்கிற இடத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தாள். பிறகு பஸ் வேலைக்கு எழுதினாள். பிரெஞ்சுச் சோதனையில் இரண்டு தரம் விழுந்தாள். விழுந்த இரண்டு நாளும் வீட்டுக்கு வந்து, சோறு வடித்து, கறி வைத்து, சாப்பிட்டு முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். மூன்றாம் தரம் எடுபட்டாள். அன்றைக்கும் சோறு வடித்த பிறகுதான் சொன்னாள். அப்படி ஒரு பிறவி.

பஸ் வேலையில் காலையில் நாலு மணித்தியாலம், பின்னேரம் நாலு மணித்தியாலம், இடையில் நீளமான ஓய்வு. மற்றவர்கள் அந்த நேரத்தில் நித்திரை கொள்வார்கள், கடைக்குப் போவார்கள். சர்மிளாவுடன் வேலை செய்கிற றோசா என்ற பெண் ஒருநாள் ஒரு மீன்பிடித் தடியைக் கொண்டுவந்து, வீசிப்பார் என்று கொடுத்திருக்கிறாள். அது எங்கள் ஆட்கள் பிடிக்கிற மாதிரித் தூண்டில் அல்ல. புழு இல்லை, இரை இல்லை. ஒரு முள்ளில் இறகும் நூலும் கட்டிப் பூச்சி மாதிரிச் செய்து, அதை ஒரு கனத்த நூலின் நுனியில் வைத்து, தலைக்கு மேலே பின்னாலும் முன்னாலும் வீசி எறிகிறது. அன்றிலிருந்து ஓய்வு நேரமெல்லாம் ஜாரி பார்க்கின் புல்லில் நின்று வீசத் தொடங்கினாள். முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல்.

கீழ் வீட்டுச் செல்வமலர் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"அம்மா, உங்கட மருமகள் பார்க்கில புல்லுக்குள்ள மீன் பிடிக்கிறா. என்ர கண்ணால கண்டனான்."

"பிடிக்கட்டும். உன்ர புல்லோ?"

"இல்லை, சனம் என்ன கதைக்கும் எண்டு..."

"நீ கதைக்காமல் விட்டால் ஒருத்தரும் கதைக்காயினம்."

செல்வமலரிடம் அப்படிச் சொன்னேன். வீட்டில் சர்மிளாவிடம் வேறு மாதிரித்தான் சொன்னேன். அது எங்கள் வீட்டு விஷயம்.

அவள் பிடிக்க நினைத்தது சால்மன். அது கடலில் வளர்ந்து, முட்டை இட ஆற்றுக்குள் ஏறுகிற மீன். அந்த ஆறுகள் கஸ்பேசிப் பக்கம், காரில் எட்டு மணித்தியாலம். ஆறு வருடம், ஆறு ஜூன் மாதம் போனாள். ஒன்றும் பிடிக்கவில்லை. போன வருடம் பாசிக் கல்லில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தாள். ஆறு கிழமை பஸ் இல்லை, வேலை இல்லை. நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். பின்னும்போது ஒவ்வொரு நாளும் அந்த ஆற்றைத் திட்டினேன். தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டு போயிருந்தால் யார் கண்டது? தனியாக அல்லவா நின்றாள்.

அந்த ஆறுகளில் நல்ல இடங்களுக்குக் குலுக்கல் உண்டு. குளிர்காலம் தொடங்கும்போது பெயர் கொடுக்கவேண்டும். விழுந்தால், அடுத்த வருடம் அந்த இடத்தில் ஒரே ஒரு நாள் நிற்கலாம். இந்த முறை அவளுக்கு விழுந்தது. ஜூன் முதல் கிழமை. கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"மாமி, ஒரு நாள்தான்."

"ஒரு நாளிலதான் ஆக்கள் சாகிறது."

பேசாமல் நின்றாள். அவள் நிற்பது பெரிய தொல்லை. சண்டை பிடித்தால் நானும் பிடிப்பேன். நின்றால் என்ன செய்வது?

"சரி, போ. நானும் வாறன். மீன் என்ர சட்டிக்கு வந்தால் நீ இனியும் போகலாம், நான் வாய் திறக்கமாட்டன். வராட்டில் இதுதான் கடைசி. தடியை என்னட்டைத் தந்திடவேணும். சத்தியம் பண்ணு."

கஜீவன் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். "அம்மா, அந்த நேரத்தில அங்க..."

"நீங்கள் பேசாமல் சாப்பிடுங்கோ," என்றாள் சர்மிளா. பிறகு என் கையைப் பிடித்து, "ஓம் மாமி. சத்தியம்," என்றாள்.

அவள் இவ்வளவு சுகமாக ஒத்துக்கொண்டது எனக்குக் கொஞ்சம் இடித்தது. ஆனாலும் வென்றவள் போலவே போய்ப் படுத்தேன்.

போகிறபோது நான் ஐஸ் பெட்டி எடுத்தேன். கத்தி எடுத்தேன். கறித்தூள் ஒரு போத்தல், பழப்புளி, வெந்தயம் எடுத்தேன். மண்சட்டியையும் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். செல்வமலர் கார்க் கண்ணாடியில் தட்டி, "தலை எனக்கு," என்றாள்.

முதல் நாளே போய் ஒரு மோட்டலில் தங்கி, மறுநாள் விடிய ஆற்றுக்குப் போனோம். அந்த ஆற்றின் பெயர் என் வாயில் வராது. ஜூன் மாதம் என்று பெயர்தான். காலநிலையைப் பார்த்தால் மார்கழி. மழை மேலிருந்து விழவில்லை, பக்கத்திலிருந்து வந்தது. இடையிடையே பனித்தூளும் கலந்திருந்தது. மலையில் உருகிய பனியெல்லாம் ஆற்றில் இறங்கி, தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடியது. முழு மரம் ஒன்று வேரோடு எங்களைக் கடந்து போயிற்று.

"இதுக்குள்ளயோ இறங்கப்போறாய்?"

"ஓம் மாமி."

கரையில் ஆட்கள் இருக்க ஒரு வாங்கு, அதற்குமேல் சின்னக் கூரை. பக்கத்தில் தடிகளைச் சாய்த்துவைக்க ஒரு மரச்சட்டம். ஆறு ஆழமாகிற அந்த மடுவில் அன்றைக்கு இரண்டு பேருக்கு இடம். மற்றவர் ஜில்பேர் என்ற கிழவர், அந்தப் பக்கத்து ஆள். எண்பது வயது இருக்கும். ஒடிந்துபோவது போல மெலிவு. என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி "மதாம்" என்றார். நல்ல மனிதர்.

அங்கே ஒரு முறை இருக்கிறது. சட்டத்தில் எழுதியது அல்ல, ஆட்கள் தங்களுக்குள் காக்கிற முறை. ஒருவர் மடுவின் தலைப்பில் இறங்கி, ஒரு வீச்சு, கீழே ஒரு அடி, ஒரு வீச்சு, ஒரு அடி என்று மடுவின் வால்வரை போய் ஏறவேண்டும். அதுவரை மற்றவர் வாங்கில் இருக்கவேண்டும். மரச்சட்டத்தில் முன்னுக்கு இருக்கிற தடிக்காரரின் முறை வரும்போது அவர் தலைப்பிலிருந்து தொடங்குவார். யாரும் யாரையும் முந்துவதில்லை. சர்மிளாவுக்குப் பொருத்தமான விளையாட்டுத்தான் என்று நினைத்தேன்.

மார்பு வரை வருகிற ரப்பர்க் காற்சட்டை போட்டாள். இடுப்புப் பட்டியை நான்தான் இறுக்கினேன். அது தளர்ந்திருந்தால் விழும்போது உள்ளே தண்ணீர் நிரம்பிவிடுமாம்.

"மூச்சு விட ஏலாமல் கிடக்கு மாமி."

"விடாதை."

ஜில்பேர் தன் முறையை முடித்து ஏறி, சூட்டுக்காகத் தன் வாகனத்துக்குப் போனார். சர்மிளா இறங்கினாள். நான் அவளைப் பதினெட்டு வருடமாகச் சமையலறையில் காண்கிறேன். காய் வெட்டும்போதும் அவசரம் இல்லை, ஆரவாரம் இல்லை. ஆனால் அவள் வீசியதைக் கண்டபோதுதான் நான் அவளைக் கண்டேன். அந்தக் காற்றுக்கு என் குடை மடிந்துபோயிற்று. அவளுடைய நூல் மட்டும் பின்னால் போய் நீளமாக விரிந்து, ஒரு கணம் ஆகாயத்தில் கிடந்து, பிறகு முன்னால் போய் ஆற்றுக்குக் குறுக்கே சத்தமில்லாமல் படுத்தது. புல்லில் ஆறு வருடம் வீசியது இதற்குத்தானோ?

மடுவின் நடுவே தண்ணீருக்குமேல் மூன்று கறுத்த கற்கள் தெரிந்தன. மூன்றாவது கல்லுக்குப் பின்னால் பூச்சி போனபோது, தண்ணீர் ஒரு பாய் அகலத்துக்குக் கீழிருந்து பொங்கி, அப்படியே மூடிக்கொண்டது. மீனை நான் காணவில்லை. ஆனால் அந்தப் பொங்கலுக்குக் கீழே இருந்தது சின்னது அல்ல என்று என் வயிற்றுக்குத் தெரிந்தது.

முள் கொளுவவில்லை. சர்மிளா மெதுவாகப் பின்வாங்கிக் கரையேறினாள். உதடு நீலம், கண் மட்டும் எரிந்தது.

"எழும்பினது! கண்டனீங்களோ மாமி? இப்ப அதைத் தன்ர பாட்டில விடவேணும். பத்து நிமிஷத்தால சின்னப் பூச்சி ஒண்டு போட்டால் திரும்ப வரும்."

"எழும்பின மீனை விட்டிட்டு வாறியே?"

"என்ர முறை இன்னும் முடியேல்லை. எழுப்பினவைக்குத்தான் திரும்ப வீச உரிமை. விரல் விறைச்சுப்போச்சு, காருக்குள்ள போய்ப் பூச்சியை மாத்திக்கொண்டு வாறன்."

தடியை மரச்சட்டத்தில் வைத்துவிட்டு, நுனி நூலைக் கழற்றிக்கொண்டு காருக்குப் போனாள். காற்றில் அவள் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது. இனிச் சொல்லப்போவது என் பிழை. அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

ஜில்பேர் வந்தார். தாடை நடுங்கியது. நான் பிளாஸ்கிலிருந்து பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். மீன் கட்லட் ஒன்று கொடுத்தேன். கடித்து, கண்ணில் தண்ணீர் வர, இன்னொன்று வாங்கினார். வயது போன ஒரு மனிதர், என்னிலும் மூத்தவர், குளிருக்குள் காத்து நிற்கிறார். என் மருமகள் காருக்குள் சூட்டில் இருக்கிறாள். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. எங்கள் வீட்டில் பந்தியில் முதல் இலை யாருக்கு? மூத்தவருக்குத்தான். மரச்சட்டத்திலிருந்து அவருடைய தடியை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டி, "போங்கோ, நீங்கள் போங்கோ," என்றேன். அவர் சர்மிளாவின் தடியைப் பார்த்தார். நூல் நுனியில் பூச்சி இல்லை. காரைப் பார்த்தார். அவள் முடித்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். தலை குனிந்து "மெர்சி, மதாம்" என்று சொல்லி ஆற்றில் இறங்கினார்.

சர்மிளா திரும்பி வந்தபோது அவர் முதல் கல்லடியில் நின்றார்.

"மாமி, ஆர் அவரைப் போகச் சொன்னது?"

"நான்தான். வயசு போன மனிசன். முதல் அவர் போனால் உனக்கென்ன குறைஞ்சு போச்சு?"

அவள் மூன்றாவது கல்லைப் பார்த்தாள். "அந்தக் கல்லுக்குப் பின்னால இருக்கிறது என்ர மீன் மாமி," என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. "கூப்பிடு அவரை! கூப்பிட்டுச் சொல்லு!"

"ஏலாது. நீங்கள் மரியாதையாக் குடுத்தது. அவர் நல்ல மனசோட வாங்கினது. பாதியில கூப்பிட்டால் அவருக்கு அவமானம்."

என் பக்கத்தில் வாங்கில் இருந்தாள். சத்தியத்தில் வெல்லவேண்டும் என்றே நான் இதைச் செய்தேனோ என்று அவள் நினைத்திருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என் காலில் கிடந்த துவாயை எடுத்து உதறி, திரும்பவும் என் காலிலேயே போர்த்திவிட்டாள்.

ஜில்பேர் இரண்டாவது கல்லுக்கு வந்தார். மூன்றாவது கல்லுக்கு வந்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் நான் முருகனைக் கூப்பிட்டேன். ஒரு மீன் பிடிபடக்கூடாது என்று கடவுளைக் கேட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அந்த நேரம் ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது. ஆறு முழுவதும் கொதிக்கிற எண்ணெய் போல வெடித்தது. மீன் எழும்பவில்லை. அவர் மடுவின் வால்வரை போய்த்தான் ஏறினார். சர்மிளா அவருக்குப் பிரெஞ்சில் என்ன சொன்னாளோ, அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி அவளிடம் மன்னிப்புக் கேட்டார். பிழை என்னுடையது, தொப்பியைக் கழற்றியவர் அவர்.

சர்மிளா மறுபடி தலைப்பிலிருந்து தொடங்கினாள். ஆறு ஏறிவிட்டது. மூன்றாவது கல்லின் மேல் இப்போது தண்ணீர் ஓடியது. அவளுக்கு இடுப்புப் பட்டிக்கு மேலே ஏறி நின்றது. "போதும், வா!" என்று கத்தினேன். திரும்பவே இல்லை. வீச்சு, ஒரு அடி. வீச்சு, ஒரு அடி. ஒரு வீச்சையும் தாண்டி ஓடவில்லை. முதல் கல். இரண்டாவது கல். எனக்கு எழுபத்தாறு வயது. எத்தனையோ ஆஸ்பத்திரி வாங்குகளில் காத்திருந்திருக்கிறேன். அப்படி ஒரு காத்திருப்பு நான் இருந்ததில்லை.

மூன்றாவது கல்லடியில் நூல் நின்றது. பொங்கவில்லை, சத்தமில்லை. ஓடிக்கொண்டிருந்த நூல் அப்படியே நின்றது, அவ்வளவுதான். பிறகு அவளுடைய தடியில் நூல் சுற்றியிருந்த சுருள் கத்தியது. நான் எழும்பிவிட்டேன். ஜில்பேரும் எழும்பிவிட்டார். இரண்டு கிழங்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மீன் பாய்ந்தது.

அதைச் சொல்ல எனக்குச் சொல் இல்லை. சொல் இல்லாமலே சொல்கிறேன். மண் நிறத் தண்ணீரிலிருந்து ஒரு வெளிச்சம் எழும்பியது. ஆள் உயரத்துக்கு மேலே. ஆலங்கட்டிக்குள் அது வளைந்து, முழு உடம்பையும் எங்களுக்குக் காட்டி, ஒரு கணம் விழ மறந்தது. கடலில் எங்கேயோ பனிக்கட்டிக்குக் கீழே வளர்ந்து, ஆயிரம் ஆறுகளுக்குள் இந்த ஒன்றைத் தேடி வந்ததாம். மீனுக்கு எப்படித் தெரியும் என்று மோட்டலில் நான் கேட்டதற்கு, மணத்தால் என்றாள் சர்மிளா. ஆற்றுக்குள் வந்த பிறகு அது ஒன்றும் தின்னாதாம். அப்போது பூச்சியை ஏன் கடிக்கிறது என்று கேட்டேன். "ஒருத்தருக்கும் தெரியாது மாமி," என்றாள். அந்த வேளையில் அதைக் கதை என்றுதான் எடுத்தேன். இப்போது கண் முன்னால் தொங்கியது. என் கை தானாகக் கும்பிட்டது.

அரை மணித்தியாலம் இழுபட்டாள். அது கீழே ஓட, இவளும் கரையோரமாகக் கல்லுக்குக் கல் போனாள். ஒருமுறை முழங்காலில் விழுந்தாள். தடியை விடவில்லை, எழும்பினாள். பின்னேரச் சனநெரிசலில் பனியில் பஸ் ஓட்டுகிற அதே முகம். ஜில்பேர் வலையோடு இடுப்பளவில் இறங்கி, கடைசியில் மீனை வலைக்குள் எடுத்தார். என்னுடைய கைக்கு நாலு சாணுக்கு மேலே நீளம்.

நான் ஐஸ் பெட்டியைத் திறந்து, கத்தியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

சர்மிளா கத்தியைப் பார்த்தாள். மீன் தண்ணீருக்குள்தான் இருந்தது. வயிற்றுக்குக் கீழே ஒரு கை, வாலில் ஒரு கை.

"மாமி, இதை விடவேணும்."

"என்ன விசர்க் கதை?"

"இந்த ஆத்தில இந்த மாசம் பெரிய மீன் எடுக்கேலாது. சட்டம். பிடிச்சால் திருப்பி விடவேணும்."

"சின்னது?"

"சின்னது ஜூலையிலதான் வரும்."

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"முதலே தெரியும்."

"அப்ப சட்டிக்கு வராது எண்டு தெரிஞ்சுகொண்டே சத்தியம் பண்ணினனி?"

அவளுக்குப் பல் கிடுகிடுத்தது. சிரிப்பும் வந்தது. "இந்த ஒரு நாள் வேணும்போல இருந்தது மாமி. தோத்தாலும் பரவாயில்லை எண்டு நினைச்சனான்."

நான் கத்தியைக் கல்லில் வைத்தேன். "தொடலாமோ?" என்று கேட்டேன்.

ஜில்பேர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சப்பாத்தோடு தண்ணீருக்குள் காலை வைத்தேன். குளிர் எலும்பைக் கடித்தது. மீனின் முதுகில் விரலை வைத்தேன். உள்ளே ஏதோ உறுமியது போல ஒரு பலம். வண்டி நின்றிருந்தாலும் எந்திரம் ஓடுகிறபோது தெரியுமே, அப்படி. கண் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், மேலே, அது போகவேண்டிய இடத்தைப் பார்த்தது. சர்மிளா அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது மூச்செடுக்கும் வரை நின்றாள். விரல்கள் விறைத்து வெள்ளையாகின, அவசரப்படுத்தவில்லை. பிறகு வால் ஒருமுறை அடித்தது. அவள் கையைத் திறந்தாள். தேநீர் நிறத் தண்ணீரில் ஒரு நிழல் மேல்நோக்கிப் போயிற்று.

ஜில்பேர் அழுதார். கட்லட் உறைப்புக்கு அல்ல.

வீட்டுக்கு வந்ததும் செல்வமலர் பாத்திரத்தோடு நின்றாள். "தலை எங்க அம்மா?"

"உடம்போடதான் இருக்கு. நீந்துது."

சர்மிளா சத்தியம் தவறாதவள். தடியைத் துடைத்து, உறையில் போட்டு, என் அறைக் கதவருகே சாத்திவிட்டு வேலைக்குப் போனாள். நான் ஐந்து மாதம் அந்தத் தடியைத் தினமும் பார்த்தேன். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் எனக்கு இல்லை. மீன் சட்டிக்கு வரவில்லை, வரவில்லைத்தான். ஆனால் அவளுடைய முறையை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தவள் நான். அதை அந்த மனிதர் அந்த நாளிலேயே தொப்பியைக் கழற்றித் தீர்த்துவிட்டார். நான் தீர்க்கவில்லை.

நவம்பர் மாதம் குளிர் தொடங்க, அவளை மேசையில் இருத்தினேன். தடியை அவள் மடியில் வைத்தேன்.

"குலுக்கலுக்குப் பெயர் குடு."

"மாமி, சத்தியம்..."

"சத்தியம் கிடக்கட்டும். உன்ர முறை ஒண்டு என்னட்டைக் கிடக்கு, எடு. என்ர பெயரையும் போடு. ரெண்டு பெயர் போட்டால் ஒண்டாவது விழும்."

"உங்கட பெயரையோ?"

"ஏன், கிழவியள் பெயர் போடக்கூடாது எண்டும் அங்க சட்டமோ?"

கஜீவன் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். இந்த முறை அவனை அடக்க யாரும் இல்லை. ஆனாலும் பேசாமல் சாப்பிட்டான்.

சர்மிளா கணினியைத் திறந்து இரண்டு பெயரையும் பதிந்தாள். விழுந்தால் இரண்டு பேரும் போவோம். கத்தியும் சட்டியும் கொண்டுபோகமாட்டேன். கட்லட் கொண்டுபோவேன், ஜில்பேருக்கும் சேர்த்து. அவளுடைய இடுப்புப் பட்டியை மட்டும் நான்தான் இறுக்குவேன். அதில் அவள் சொல் கேட்கமாட்டேன்.